மைக்ரோ கம்ப்யூட்டரைக் கல்லூரிக்குள் கூட்டி வந்தது யார்?

மேசைமேல் வைத்து ஒருவரே பயன்படுத்தும் சிறிய கணினியான மைக்ரோ கம்ப்யூட்டர் கல்லூரிகளுக்குள் நுழைந்த கதையை யார் சொன்னாலும் மாணவர்களிடமிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கு அங்கே நிலையான இடம் பிடித்துக் கொடுத்தது அலுவலகம்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977-இல் ஆப்பிள் 2, டிஆர்எஸ்-80, கொமடோர் பெட் என்ற மூன்று மைக்ரோ கம்ப்யூட்டர்களும் விற்பனைக்கு வந்தபோது, வகுப்புக்குக் கணினி புதிதல்ல. டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற பேராசிரியர்கள் 1964-லேயே பேசிக் என்ற எளிய நிரல் மொழியை உருவாக்கி, ஒரே பெரிய கணினியில் பல மாணவர்கள் ஒரே சமயத்தில் வேலை செய்ய வழி செய்துவிட்டார்கள். தவித்துக்கொண்டிருந்தது அலுவலகம். துறைத் தலைவருக்கு ஒரு பட்டியல் தேவையென்றால் கணினி மையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மடிப்பு மடிப்பாகக் காகிதக் கட்டு வரும். அதில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டுமா? மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

1979-இல் விசிகால்க் வந்தது. கட்டம் கட்டமாக எண்களை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் அது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்த டான் பிரிக்லின், கரும்பலகையில் பேராசிரியர் ஓர் எண்ணைத் திருத்தப்போய், அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுதியதைப் பார்த்து யோசித்தது இது. நிரலாக்கியவர் பாப் பிராங்க்ஸ்டன். சம்பள உயர்வு 5 விழுக்காடா 6 விழுக்காடா என்று திரையில் ஒரே ஒரு கட்டத்து எண்ணை மாற்றினால் போதும், துறையின் மொத்தச் செலவும் கண்ணெதிரே மாறிவிடும். வகுப்பறையில் பிறந்த யோசனை டீன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது!

சிக்கலும் கூடவே வந்தது. பெரிய கணினியின் தரவு சின்னதற்கு நேராக வந்து சேர வழியில்லாத இடங்களில், அச்சிட்ட தாளைப் பக்கத்தில் விரித்து வைத்து, எழுத்தர் ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார். பதிவாளர் சொல்லும் மாணவர் எண்ணிக்கை ஒன்று, துறை தன் தரவைச் சேமித்து வைத்த பிளாப்பி வட்டில் இருப்பது வேறொன்று. எது சரி என்பதற்கே ஒரு கூட்டம் போட வேண்டும். கணினி மையத்தார் குறைபட்டதில் நியாயம் உண்டுதான். ஆனாலும் நான் எழுத்தர் பக்கமே நிற்பேன். கேட்ட பட்டியல் கேட்டபோது கிடைத்திருந்தால் அவர் ஏன் தனியாகக் கணக்கு வைக்கப்போகிறார்?

வகுப்பறைக்கு வருவோம். 1983-இல் அமெரிக்காவின் கிளார்க்சன் கல்லூரி தன் புதிய மாணவர்களுக்கு ஜெனித் நிறுவனத்தின் மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. டிரெக்செல் பல்கலைக்கழகம் ஆளுக்கொரு கணினி கட்டாயம் என்று அறிவித்து, 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிகளை வழங்கியது. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி வந்த வேகத்தில் பாடத்துக்கான மென்பொருள் வரவில்லை. மாணவர்கள் அதில் கட்டுரைகளைத் தட்டச்சு செய்தார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து இயற்பியலுக்கு ஒரு நிரல் எழுதும் ஆசிரியருக்குப் பதவி உயர்வு நேரத்தில் அது ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு ஈடாக மதிக்கப்படுவது அரிது. பிறகு யார் எழுதுவார்கள்?