"என்ன ப்ரீட்ங்க?"

நாயோடு நடக்கப் போனால் வாரத்துக்கு நாலு பேராவது கேட்டுவிடுகிறார்கள். "தெரியாதுங்க" என்றதும் சுவாரஸ்யம் போய்விடுகிறது. ஒரு காது விறைத்து நிற்கும், இன்னொன்று பாதியில் மடிந்து தொங்கும். உடம்பு செம்பழுப்பு, மார்பில் பால் சிந்தின மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. இதில் எந்த ஜாதி எத்தனை பங்கு என்று பெற்ற தாய்க்கே தெரிந்திருக்காது.

காப்பகத்திலிருந்து கூட்டிவந்து எட்டு மாதம் ஆகிறது. அப்போது வயது நாலு இருக்கும் என்றார்கள். பல்லைப் பார்த்துப் போட்ட கணக்குதான். குட்டி என்றால் பால் பல் விழுந்து முளைப்பதை வைத்து ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். வளர்ந்த நாய்க்குத் தேய்மானமும் கறையும்தான் சாட்சி, ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும்.

உண்மையைச் சொன்னால் நானும் குட்டி தேடித்தான் போனேன். எல்லாம் கம்பி மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்க, இது மட்டும் மெதுவாக வந்து விலாவைக் கம்பியில் சாய்த்து நின்றது. விரலை நீட்டினேன். நக்கவில்லை, மூச்சுக் காற்று மட்டும் பட்டது. பக்கத்துக் கூண்டு நாய் உறுமியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏற்கெனவே ரெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததாம். ஒரு வீட்டில் குழந்தைக்கு அலர்ஜி, இன்னொருவர் வீடு மாறிவிட்டார். இதெல்லாம் வெறும் சாக்குதானோ என்று சந்தேகப்பட்டேன். இப்போது அந்தச் சந்தேகம் இல்லை.

குட்டி வாங்குகிறவர் ஒரு ஊகத்தை வாங்குகிறார். எவ்வளவு வளரும், வளர்ந்தபின் யாரிடம் எப்படிப் பழகும், எதுவும் தெரியாது. வளர்ந்த நாயில் முக்கால்வாசி கண்முன்னே நிற்கிறது. ப்ரீட் பெயர் சொன்னால் குணம் தெரிந்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று: 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. தனித்தனி நாய்களுக்கு இடையே நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் ப்ரீட் விளக்குகிறதாம். அதற்காகக் 'கலப்பினத்துக்கு நோயே வராது' என்று நம் ஆட்கள் அடித்துவிடுவதும் சரியில்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வு 24 மரபு நோய்களை எடுத்துக்கொண்டது. பத்து நோய்தான் ஜாதி நாய்களிடம் அதிகம். பதின்மூன்றில் வித்தியாசமே இல்லை. முழங்கால் தசைநார் கிழிவது கலப்பினத்தில்தான் கூடுதல்.

இனி என் முட்டாள்தனம். "எல்லார்கிட்டயும் நல்லா பழகும்" என்றார்கள், நம்பினேன். ரெண்டாம் நாளே நண்பர்களை வரச் சொல்லிவிட்டேன். அது மேஜைக்கு அடியில் போனது, மறுநாள் காலைவரை வெளியே வரவில்லை. குரைக்கவும் இல்லை, 'எவ்வளவு சாது' என்று பெருமைப்பட்டேன். அது சாதுத்தனம் இல்லை, மிரட்சி. பழக்கமுள்ளவர்கள் மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மிரட்சி தெளிய, வீட்டு நடைமுறை பிடிபட, இது நம் இடம் என்று நம்ப. எல்லா நாயும் அந்தக் கணக்குப்படி நடக்காது. ஆனால் முதல் குரைப்பு எனக்குக் கேட்டது மூன்றாவது வாரத்தில்தான். அதே வாரம் நான் குடையை விரித்தேன், நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. குடையோடு அதற்கு என்ன கதையோ, காப்பகத்தில் யாருக்கும் தெரியாது.

எடுக்கப் போகிறவர்கள் கூண்டுக்கு வெளியே அதோடு கொஞ்சம் நடந்து பாருங்கள், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை போங்கள். கருத்தடை, தடுப்பூசிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், மேலுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். முதல் சில வாரம் கயிறில்லாமல் வாசல் தாண்டவிடாதீர்கள். புது இடத்தில் மிரண்டு ஓடின நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது.

நேற்று நல்ல மழை. குடையை விரித்தேன். மேஜையைத் திரும்பிப் பார்த்தது, போகவில்லை. வாசற்படி வரை வந்து, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்றது.