கடை கம்ப்யூட்டரில் டெவலப்பர் எடிஷன் வேண்டாம்

பில்லிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் தம்பிகளுக்கும், அதைக் காசு கொடுத்து வாங்கும் காரைக்குடி, தேவகோட்டைக் கடைக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வியாபாரம் நடக்கும் கம்ப்யூட்டரில், மைக்ரோசாப்டின் டேட்டாபேஸ் சாப்ட்வேரான எஸ்.கியூ.எல் சர்வரின் டெவலப்பர் எடிஷனைப் போடாதீர்கள்.

இலவசம் என்பது உண்மைதான். 2016லிருந்து மைக்ரோசாப்ட் சும்மாவே தருகிறது. காசு கொடுத்து வாங்கும் என்டர்பிரைஸ் எடிஷனில் உள்ள வசதியெல்லாம் இருக்கிறது, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் லைசென்ஸ், புரோகிராம் எழுதவும் சோதித்துப் பார்க்கவும் மட்டும்தான். நிஜமான முதல் அடகு ரசீது அதில் ஏறியதுமே மீறல். பரிசோதித்துப் பார்க்கத் தரும் இவாலுவேஷன் எடிஷன் 180 நாளில் நின்றுவிடும். கிராக் செய்த காப்பி என்றால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு இருக்கிறது: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் ஓட்டினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம். ஓட்டுவது கடைக்காரர் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, அதே எஸ்.கியூ.எல் சர்வரின் இன்னொரு இலவச எடிஷனான எக்ஸ்பிரஸ்? அதைக் கடையில் தாராளமாக ஓட்டலாம். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி, 2025 பதிப்பில் 50 ஜிபி. மூன்று கவுண்டருக்குப் போதும். ஆனால் அடகுக் கடையில் நகைப் படங்களை டேட்டாபேஸ் டேபிளுக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 40 அடகு, ஒன்றுக்கு இரண்டு படம், படம் 300 கேபி. நாளுக்கு 24 எம்பி. வேலை நாள் 300 என்றால் வருஷத்துக்கு 7 ஜிபிக்கு மேல். 10 ஜிபி பதிப்பு என்றால் இரண்டாவது வருஷம் பாதியில், கவுண்டரில் ஆள் நிற்கும்போது, 'பிரைமரி பைல்குரூப் ஃபுல்' (டேட்டா வைக்க இடமில்லை) என்று 1105 எரர் வரும். ரசீது போடவே முடியாது. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் லாக் பைல் இந்த 10 ஜிபிக் கணக்கில் வராது, அதைச் சுருக்கிப் பயனில்லை. படங்களை ஃபோல்டருக்கு மாற்றி, டேபிளில் பாதையை மட்டும் வையுங்கள். அந்த ஃபோல்டரையும் பேக்கப்பில் சேர்க்க வேண்டும்.

எக்ஸ்பிரஸில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. ராத்திரி பேக்கப் தானாக நடக்காது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் எஸ்.கியூ.எல்.சி.எம்.டி கட்டளை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இன்னொரு பொறி: புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது. உங்கள் லேப்டாப்பில் 2022, கடையில் 2019 என்றால் ரீஸ்டோர் நடக்காது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் தேர்வு போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸ்தான். எழுதினாலும், விற்றாலும், கடையில் ஓட்டினாலும் காசில்லை, அளவு வரம்பும் இல்லை. உங்கள் சோர்ஸ் கோடைத் திறந்து காட்ட வேண்டியதும் இல்லை. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ், சேர்த்து விற்கும் சாப்ட்வேரின் சோர்ஸ் கோடையும் திறக்கச் சொல்லக்கூடிய ஜிபிஎல் லைசென்ஸில் வருவது. உங்கள் மூடிய சாப்ட்வேரோடு சேர்த்துக் கட்டி விற்பதென்றால் அதன் சொந்தக்காரரான ஆரக்கிளின் வணிக லைசென்ஸ் வேண்டுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸைத் திறந்து வேலை செய்யும் கருவிக்கு டிபீவர் கம்யூனிட்டி போதும். அபாச்சி லைசென்ஸ், மூன்று டேட்டாபேஸையும் ஒரே இடத்தில் திறக்கலாம். கவுண்டர் கம்ப்யூட்டர்கள் இணைய, யார் எப்படி உள்ளே வரலாம் என்று சொல்லும் போஸ்ட்கிரெஸின் எச்பிஏ பைலில் அவசரத்துக்கு 'டிரஸ்ட்' என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வரலாம். பாஸ்வேர்டு கேட்கும் 'ஸ்க்ராம்-ஷா-256' என்று மாற்றுங்கள்.

நகரத்தார் கோயில்களின் புள்ளிப் பட்டியல் (குடும்பங்களின் பெயர்ப் பட்டியல்) மாதிரி பெயர் வரிசை முக்கியமான வேலைக்கு ஐசியு தமிழ் கொலேஷனை, அதாவது தமிழ் அகர வரிசை விதியைக் குறிப்பிடுங்கள். வெறும் யூனிகோடு எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்தே 'ன' வந்து நிற்கும், அகராதி வரிசை குலைந்துபோகும்.

கடைக்காரர்களே, பேரேடு உங்கள் பெட்டகத்தில் இருந்த மாதிரி டேட்டாபேஸ் அட்மின் பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்க வேண்டும். கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், நேற்றைய பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, ஒரு பழைய ரசீதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.