ரெண்டு அடி போட்டால் சரியாகிவிடுமாம்

ஆட்டிசம் உள்ள ஒரு பையன் பொது இடத்தில் தரையில் புரண்டு அலறும் அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் அனுப்ப வேண்டாம். அலறிப் புரளும் பையனைவிட, அவன் தலை தரையில் மோதாமல் உள்ளங்கையை அடியில் கொடுத்தபடி உட்கார்ந்திருந்த அந்த அம்மாதான் என் கண்ணில் பட்டார். கீழே கருத்துகள்: 'வளர்ப்பு சரியில்லை', 'ரெண்டு அடி போட்டால் சரியாகிவிடும்', 'போனைக் கொடுத்து வளர்த்தால் இப்படித்தான்'. அதற்கு லைக் போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. பெயர் சொல்லவில்லை, அவரவருக்கே தெரியும்.

ஆட்டிசம் வளர்ப்பால் வருவதில்லை. மூளை வளரும் விதத்திலேயே இருக்கிற வேறுபாடு அது, மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கானர் 1943-லேயே ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தக் குழந்தைகள் கையில் எந்த போன் இருந்தது?

அம்மாக்கள்மேல் பழி போடுவதும் புதிதில்லை. பாசம் காட்டாத தாயால்தான் இது வருகிறது என்று குழந்தைகள் மனநலம் பற்றி எழுதிய புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறைப் பெண்களைக் கூண்டில் ஏற்றினார்கள். காரணம் உடல் சார்ந்தது என்று 1964-ல் புத்தகமே எழுதி அதை எதிர்த்தார் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள பையனின் அப்பாவும்கூட. அறுபது வருஷம் ஆகிவிட்டது. கருத்துப் பெட்டிக்கு மட்டும் இன்னும் தகவல் வந்து சேரவில்லை.

அடம் வேறு, மெல்ட்டவுன் வேறு. அடம் பிடிக்கிற குழந்தை யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். மெல்ட்டவுன் என்பது சத்தம், வெளிச்சம், கூட்டம் எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் போவது. அங்கே அடித்தால் வலியும் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

என் மகனுக்குக் கை உலர்த்தும் மெஷின் சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு 'கதவுகள் மூடப்படுகின்றன, கதவுகள் மூடப்படுகின்றன' என்பான். லிஃப்டில் கேட்ட குரல், அதே ஏற்ற இறக்கத்தோடு. பயமாக இருக்கிறது, போகலாம் என்று அர்த்தம். ஒருமுறை ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே அவனைப் போலவே பேசிக் காட்டினார். அவருடைய வளர்ப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

'டாக்டர்களே போன் கொடுக்காதே என்கிறார்களே?' சரி, சொல்கிறார்கள். சின்னக் குழந்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சுக்கு நல்லதில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதனால் ஆட்டிசம் வந்தது என்று ஆகிவிடாது.

'மற்றவர்களுக்கும் தொந்தரவுதானே?' கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாமே. வீடியோ எடுக்க மட்டும் அத்தனை நேரம் பக்கத்திலேயே நிற்க முடிந்ததா? பையன் முகத்தை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

'நல்லதுக்குத்தானே சொல்கிறோம்?' உங்கள் நல்லதெல்லாம் எனக்கு ஃபார்வர்டாக வந்துகொண்டுதான் இருக்கிறது. தடுப்பூசியால் வந்தது என்று 12 குழந்தைகளை வைத்து 1998-ல் வந்த கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. எழுதியவர் மருத்துவர் பதிவையே இழந்தார். அப்புறம் குணமாக்குமாம் என்று ஒரு பவுடர், உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் சிகிச்சை. அந்தச் சிகிச்சையில் குழந்தை உயிரே போயிருக்கிறது. முழுசாகக் குணப்படுத்துகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உதவ ஆசையா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை என்று ஒரு தாய் கவலைப்பட்டால், 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று வாயை அடைக்காதீர்கள். ஆட்டிச அறிகுறிகள் இருக்கின்றனவா என்று 16 மாதத்திலிருந்தே கேட்டுப் பார்க்க எம்-சாட் என்ற கேள்விப் பட்டியல் இருக்கிறது. காது கேட்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். ஆட்டிசம்தான் என்று டாக்டர் எழுதித் தரும்வரை காத்திருக்காமலே ஸ்பீச் தெரபி தொடங்கலாம். படம் காட்டிப் பேசப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராது என்பதெல்லாம் கட்டுக்கதை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது சொந்தக்காரர்கள் இல்லை, தெரபி வாசலில் காத்திருந்த இன்னொரு அம்மா.

சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். 'அவனுக்குத்தான் கஷ்டம்' என்றார்கள். என்ன ஒரு பெருந்தன்மை! படங்களை இங்கேதான் பார்க்கிறேன், அவன் வயசுப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். அடுத்த முறை கூப்பிடுங்கள். ஸ்பீக்கருக்குத் தள்ளி ஒரு நாற்காலி போதும். வருவதா வேண்டாமா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.