உல்டா, சீதா

"டெல்லிக்காரிக்கு என்னம்மா ஊர் ஏக்கம்? அது கவர்ன்மென்ட் வீடுதானே, ரிட்டையர் ஆனா சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பவேண்டியதுதானே?" போன மாசம் ஒரு கல்யாண வீட்டில் தஞ்சாவூர்ச் சித்தப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்குப் பேச வாய்க்காலும் திண்ணையும் இருக்கின்றன. எனக்கு இருப்பது டெல்லி சரோஜினி நகரில் ஒரு டைப்-2 குவார்ட்டர்ஸ், சின்ன உத்தியோகஸ்தர்களுக்கான அரசு வீடு. பழைய ஆட்கள் வாயில் அது கடைசி வரைக்கும் வினய் நகர்தான்.

வீட்டைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இரண்டு அறை, ஓதம் பூத்த சுவர். குழாய் ஒழுகினால் 'என்கொயரி' என்கிற ரிப்பேர் ஆபீஸில் போய் எழுதிவைத்துவிட்டு வரவேண்டும். ஆள் வருவதற்குள் குழாய் தானாகவே அடைத்துக்கொள்ளும். நான் ஏங்குவது அந்த வீட்டுக்கு இல்லை, வீடுகளுக்கு நடுவில் கிடந்த வெற்று இடத்துக்கு. நாங்கள் லான் என்போம். புல் பாதி, மண் பாதி. ஓரத்தில் வேம்பும் நாவலும்.

1964-ல் அம்மா கல்யாணமாகி ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி வந்து இறங்கியபோது ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி கையைப் பிடித்து லானுக்கு இழுத்துப் போய் வெயிலில் உட்காரவைத்து, இரண்டு ஊசியையும் ஒரு உல்லன் உருண்டையையும் கொடுத்தார். ஏக் சீதா, ஏக் உல்டா. நேர்ப் பின்னல் ஒன்று, மறுபக்கப் பின்னல் ஒன்று. அம்மா கற்ற முதல் ஹிந்தி அதுதான். ரொம்ப நாள் அந்த இரண்டு சொல்லை வைத்தே ஊரைச் சமாளித்தாள். ஆட்டோக்காரரிடம் "சீதா, சீதா" என்பாள். வழி தப்பினால் "உல்டா!" பதிலுக்கு ஆன்ட்டி எங்களிடம் கற்றது, வடாம் மாவைக் காயவிடாமல் அப்படியே வழித்துச் சாப்பிடுவது. பிழியப் பிழியப் பாதி காலியாகிவிடும்.

மே மாதத்தில் லான்தான் படுக்கையறை. சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்து, சூடு அடங்கியதும் கயிற்றுக்கட்டில்களைப் போடுவோம். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து ஒரு டேபிள் ஃபேன். அதன் காற்று யார் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. நடுராத்திரி 'ஆந்தி', அதான் புழுதிப் புயல், கிளம்பும். வாயெல்லாம் புழுதி. "உட்டோ, உட்டோ!" (எழுந்திரு) என்று ஒரு குரல், அத்தனை குடும்பமும் கட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடும். ஒருமுறை இருட்டில் எங்கள் கட்டிலோடு ஒரு வங்காளிப் பையனும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டான். காலையில் தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். மேலதிகாரிகளின் டைப்-4 வீட்டுப் பிள்ளைகள் எங்களோடு விளையாட வரமாட்டார்கள். அப்பாக்களின் கிரேடு எங்கள் கிரிக்கெட்டிலும் இருந்தது. பின்சந்து வழியாக வந்து கக்கூஸ் கழுவிவிட்டுப் போன அம்மாள் அந்த லானில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவரைக் கேட்டால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

2016-ல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உட்பட ஏழு காலனிகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் 25,667. வீடு வேண்டும்தான். அலாட்மென்ட்டுக்காக அப்பா எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். இடித்ததில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் செலவுக்கு அரசு கண்டுபிடித்த வழி, நிலத்தில் ஒரு பகுதியில் வணிக வளாகம் கட்டி விற்று அந்தக் காசில் மற்றதைக் கட்டுவது. குமாஸ்தாக்கள் குடியிருந்த நௌரோஜி நகரில் இப்போது ஆபீஸ் கோபுரங்கள்தான். லான் யார் பெயரிலும் இல்லை. அதனால் கணக்குப் போட்டவர்கள் கண்ணுக்கு அது காலி மனையாகவே தெரிந்திருக்கும்.

2018-ல் 14,000-க்கும் மேல் மரங்கள் போகப்போகின்றன என்றதும் ஜனங்கள் சரோஜினி நகரில் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. அதற்குள் நேதாஜி நகரில் நிறைய சாய்ந்துவிட்டன. அன்று நானும் போயிருக்க வேண்டும். ஆபீஸில் இருந்தேன்.

தமிழ் அடையாளங்கள் போய்விடவில்லை. விநாயகர் கோயில் இருக்கிறது, லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைக்கிறது. தமிழர்கள் தமிழர்களைப் பார்க்க இடம் உண்டு. அந்தப் பஞ்சாபி ஆன்ட்டியை அம்மா இன்று எங்கே சந்தித்திருப்பாள்? லிஃப்டிலா?

அம்மா இப்போது என்னோடு டெல்லி துவாரகாவில், ஏழாவது மாடி. ஜனவரியில் எங்கள் பால்கனிக்கு வெயில் வருவது முக்கால் மணி நேரம். அது நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டு பின்னிக்கொண்டே இருப்பாள். இந்தக் குளிரில் ஒரு குட்டிக் குல்லாய் தயாரானது. குடும்பத்தில் கைக்குழந்தை யாரும் இல்லையே, யாருக்கும்மா என்றேன்.

"யாருக்குன்னு வேணுமா என்ன? வெயில் வந்ததே."