"லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்" யாருக்கு?

சென்ற வாரம் எங்கள் கல்லூரி ஆண்டு விழா. நன்றியுரை வாசித்த மாணவி முதல்வர், சிறப்பு விருந்தினர், துறைத் தலைவர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வந்தார். தாளின் கடைசி வரிக்கு வந்ததும், "லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட், மைக் செட், பந்தல் அமைத்தவர்களுக்கும் நன்றி" என்று ஒரே மூச்சில் முடித்தார். அதற்குள் பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். மைக் செட் அண்ணன் மேடையோரம் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை. நடு நிகழ்ச்சியில் கரண்ட் போனபோது ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டு விழாவைக் காப்பாற்றியவர் அவர்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண் மேல் தப்பில்லை, தாளை எழுதிக் கொடுத்தது ஆசிரியர்களாகிய நாங்கள்.

அந்தத் தொடருக்கு உயிரே 'பட்'தான். வரிசையில்தான் கடைசி, மதிப்பில் இல்லை என்று அர்த்தம். அப்படிச் சொல்லிவிட்டால், ஏன் இல்லை என்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாமோ அதை 'உரை முடியப் போகிறது' என்பதற்கு அடிக்கும் மணியாக ஆக்கிவிட்டோம்.

நடுவில் வரும் 'தி' இன்றைய வழக்கில் தேவையில்லை. 1580-ல் ஆங்கில எழுத்தாளர் ஜான் லிலி எழுதியபோது 'தி லாஸ்ட், பட் நாட் தி லீஸ்ட்' என்று இரண்டு பக்கமும் 'தி' இருந்தது. பிறகு இரண்டுமே உதிர்ந்துவிட்டன. நாம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் திருத்துவேன், ஆனால் என் வருத்தம் அதில் இல்லை.

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் இதற்கு நெருக்கமான ஒரு வரி வரும். சீசரைக் கொன்றவர்களின் ரத்தக் கைகளை, சீசரின் நண்பன் ஆண்டனி ஒவ்வொன்றாகப் பிடிக்கிறான். புரூட்டஸ், காசியஸ், டீசியஸ், மெட்டெல்லஸ், சின்னா, காஸ்கா. ஏழாவதாக ட்ரெபோனியஸ். கடைசியானாலும் அன்பில் குறைந்தவன் இல்லை என்று அவனிடம் சொல்கிறான். குத்து விழும் முன் ஆண்டனியை அங்கிருந்து நைசாகத் தள்ளிக்கொண்டு போனவனே இந்த ட்ரெபோனியஸ்தான். ஆண்டனி மனசில் வேறு கணக்கு ஓடியது, அது தனிக்கதை. ஆனாலும் கையைப் பிடித்து, பெயரைச் சொல்லி அல்லவா சொன்னான்!

அடுத்த மாதம் விடுதி நாள். நன்றியுரை வாசிக்கப் போகும் பையனிடம், சமையல் மாஸ்டர் பெயரையும் மைக் செட் அண்ணன் பெயரையும் நேரில் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.