டீக்கடை நிதியமைச்சர்

டீ 15 ரூபாயாகிவிட்டது. நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்துகிடக்க, "முதலாளி வளர்ந்தால்தானே தம்பி நாடு வளரும்" என்கிறார் அண்ணன். 2019இல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்களே, உங்கள் கூலி ஒரு ரூபாயாவது ஏறியதா? "நமக்கெதற்கு அரசியல்!"

2024 ஜூலையில் ரீசார்ஜ் கட்டணம் எகிறியது. அதே மாதம் மும்பையில் நடந்த, ஜியோ முதலாளி அம்பானி வீட்டுக் கோடீஸ்வரக் கல்யாணத்தை, அந்தக் கூடுதல் காசுக்கு ரீசார்ஜ் செய்த போனில்தான் வாய்பிளந்து பார்த்தார். மாப்பிள்ளையின் கைக்கடிகார விலை மனப்பாடம். மேஸ்திரி தன் கூலியில் எவ்வளவு பிடிக்கிறார் என்பது மட்டும் தெரியாது.

தேர்தலா? "எவன் வந்தாலும் நாம்தான் உழைக்க வேண்டும்." ஆமாம், அதே பழைய கூலிக்கு!

டீக்காசையும் நான்தான் கொடுத்தேன்.