எந்த வரியில் நின்றது?

"எழுத உட்கார்ந்தா வரவே மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் நான் ஆறுதல் சொல்வதில்லை. எந்த வரியில் நின்றது என்று கேட்பேன். அந்த வரியைக் காட்டச் சொல்வேன். இத்தனை வருஷம் பார்த்த வரையில், முக்கால்வாசிப் பேருக்கு வார்த்தை வற்றிப்போகவில்லை. அந்த இடத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்பது எழுதுகிறவருக்கே தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாததைக் கை எழுதாது. அதற்கு மனத்தடை, வறட்சி என்று பெரிய பெயர்களை வைத்து நம்மை நாமே பயமுறுத்திக்கொள்கிறோம்.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தங்கச்சி. தன் பாட்டியை வைத்து ஒரு கதை தொடங்கியிருந்தாள். பாட்டா, அதாவது தாத்தா, பனையேறி. பாட்டி கருப்பட்டி காய்ச்சியவர். "பாட்டாவுக்கும் பாட்டிக்கும் தினமும் சண்டைதான்" என்ற வரியோடு கதை நின்றுவிட்டது. மாதக்கணக்காக அடுத்த வரி வரவில்லை. என்ன சண்டை என்று கேட்டேன். "சும்மா எதையாவது சொல்லி ஏசுவாங்க அக்கா" என்றாள். சும்மா யாரும் ஆயுசு முழுக்க ஏசமாட்டார்கள், போய்ப் பாட்டியிடமே கேளு என்றேன்.

பாட்டி சொன்ன பதில்: "அது பூராவும் சுண்ணாம்புக்குள்ள சண்டை மக்கா."

சங்கதி இதுதான். பனையின் பூங்குலையான பாளையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு பூச வேண்டும். அப்போதுதான் சொட்டுகிற அக்கானி, அதாவது பதநீர், புளிக்காது. சுண்ணாம்பு குறைந்தால் புளித்துவிடும். புளித்ததை எவ்வளவு விறகு வைத்து எரித்தாலும் கருப்பட்டி இறுகாது. சுண்ணாம்பு கூடினாலோ ருசி கெட்டுப்போகும். காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுகிற மனிதர், அலுப்பில் ஏதோ ஒரு கலயத்துக்கு அரைகுறையாகப் பூசிவிடுவார். எல்லாம் ஒரே அண்டாவில் கலந்துவிடும். பாட்டி புகையில் மணிக்கணக்காக நிற்பார். நுரை பொங்கினால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு அடக்குவார். பாகாகிக் கூப்பனி பதம் வரும் என்று துழாவிக்கொண்டே இருப்பார். கடைசியில் சிரட்டையில் ஊற்றினால் கொழகொழவென்று கிடக்கும். ஒரு நாள் பாடும் விறகும் போச்சு. அன்றைக்கு வீட்டில் சண்டை.

கேட்டுக்கொண்டு வந்தபின் அவளுக்கு எழுத்து தண்ணீர் பட்ட பாடாக வந்தது என்று சொல்லமாட்டேன். கஷ்டம் இருந்தது. ஆனால் அது வேறு கஷ்டம். எதை வைப்பது, எதை விடுவது என்கிற கஷ்டம். அந்தப் பத்தியை எத்தனையோ தடவை மாற்றி எழுதினாள். பாட்டாவின் அலுப்பையும் பாட்டியின் கோபத்தையும் ஒரே இடத்தில் வைத்தபோது, யார் பக்கமும் சாய முடியாத ஒரு கதை கிடைத்தது. எழுத்தின் உழைப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்.

இப்போது ஒரு குறுக்குவழி வந்திருக்கிறது. நின்ற இடத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் நொடியில் நாலு பத்தி தந்துவிடும். பாட்டி அன்பே உருவாக இருப்பாள், பாட்டா களைத்த கண்களோடு வருவார். எந்த ஊர்ப் பாட்டிக்கும் பொருந்தும். அந்தப் பாட்டியின் சண்டை அதில் வராது, ஏனென்றால் அவரிடம் அதுவரை யாரும் போய்க் கேட்டிருக்கவில்லை. தயவுசெய்து கேளுங்கள். அந்தத் தலைமுறையில் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சரி, கேட்டு வந்தால் போதுமா? போதாது. உட்கார வேண்டும். நாகர்கோவிலில் வசிக்கும் எழுத்தாளர் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை, மகாபாரதத்தை மறுபடி சொல்லும் வெண்முரசை நாள்தோறும் எழுதி 26 நாவல்களாக முடித்தார். அவருடைய கருத்துகளில் எனக்கு ஒத்துப்போகாதவை உண்டு, அந்த உழைப்பைப் பற்றி மறுபேச்சு இல்லை. நம்மில் பலருக்கு அது முடியாது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வடசேரிக்கு பஸ் பிடிக்க ஓடுகிற பெண்ணிடம் தினமும் ஓர் அத்தியாயம் எழுது என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவளுக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அது தினமும் அவளுக்கே உரிய அரை மணியாக இருக்கவேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அந்த நேரத்தில் அவளிடம் சாயா கேட்காதீர்கள்.

"எனக்குத் தமிழ் அவ்வளவு நல்லா வராதே" என்பது அடுத்த தயக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு இடமே இல்லை. 1944-இல் தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் படித்தது மலையாள வழியில். பிழைப்புக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். தன் கடற்கரையின் பேச்சை வைத்தே நாவல்கள் எழுதினார், 1997-இல் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது. உங்கள் வீட்டுப் பேச்சைத் திருத்தி, மேடைத் தமிழாக்கி எழுதப் போவதால்தான் பலருக்குப் பேனா நிற்கிறது.

எல்லாத் தடையும் இப்படிப்பட்டது என்றும் நான் சொல்லவில்லை. நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி அறுபதுகளின் பிற்பகுதியில் எழுதுவதை நிறுத்திவிட்டு, 1973 வாக்கில்தான் திரும்ப வந்தார். வந்தபோது அவருடைய எழுத்தே மாறியிருந்தது. அவருடைய 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவல் வந்தது 1981-இல். பழைய மாதிரி எழுதப் பிடிக்காமல் ஒருவர் நிற்கிறார் என்றால் அவரை அவசரப்படுத்தக் கூடாது. வீட்டில் சாவு விழுந்து, கை ஓடாமல் இருப்பவரையும்தான். அவர்களை விட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கு, கதை பாதியில் நிற்கிற பிள்ளைகளுக்கு: முழுக் கதையை அனுப்ப வேண்டாம். நின்றுபோன பத்தியை மட்டும் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். கூடவே, அந்த இடத்தைப் பற்றித் தெரிந்தவர் உங்கள் ஊரில் யார், அவரிடம் எப்போது போகப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வாசித்துப் பதில் போடுகிறேன்.